பாஸ் திகதிக்குள் அடங்காத பிள்ளை

அன்பு மகனுக்கு,

உன் அம்மாவைப் போல நான்கு வரி நலம் விசாரித்துத் தொடங்கும் பழக்கம் எனக்கு இல்லை. நீ நலமாக இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். கடந்த ஞாயிறு தொலைபேசியில் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டாய். யசோவின் இரண்டாவது பிரசவத்தைச் சத்திரசிகிச்சையாகத்தான் செய்ய வேண்டுமா, ஒரு தடவை இயற்கையாக முயன்று பார்த்தால் என்ன என்பது முதலாவது. சத்திரசிகிச்சைதான் முடிவு என்றால், அவளுடைய தாயார், உன் மாமி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நம் வீட்டில் நிற்கும் இந்த நாட்களுக்குள்ளேயே அதைச் செய்வித்துவிட்டால் என்ன என்பது இரண்டாவது. இரண்டுக்கும் "பார்ப்பம்" என்ற ஒரே சொல்லைப் பதிலாகத் தந்தேன். விளக்கிச் சொல்லும் தெம்பு அன்று எனக்கு இருக்கவில்லை. ஆகவே இப்போது எழுதுகிறேன். பாமன்கடையில் இருக்கும் உன் வகுப்புத் தோழனின் தமக்கை வரும் திங்கட்கிழமை ரொறன்ரோவுக்கு விமானம் ஏறுகிறாள். அவள் கைப்பையில் இது வருகிறது. தபாலில் போட்டால் உன் பிள்ளை நடக்கத் தொடங்கிய பின்புதான் உனக்குக் கிடைக்கும்.

முதற் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு மூத்தவள் அபி பிறந்த நாளுக்குப் போக வேண்டியிருக்கிறது. அந்த நாளின் பாதி உனக்குத் தெரியாது. எனக்கும் அண்மையில்தான் தெரிந்தது. கொழும்பில் எங்கோ குண்டு வெடித்துக் காலி வீதியை மூடியிருந்தார்கள். முச்சக்கர வண்டிக்காரர் பாமன்கடைப் பக்கமாகச் சுற்றினார். சோதனைச் சாவடியில் உன் அடையாள அட்டையைப் பார்த்து, பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று கண்டதும் உன்னை மட்டும் இறக்கிவிட்டார்கள். நோவோடு யசோவும் அவள் கையைப் பிடித்தபடி அம்மாவும் அதே வண்டியில் தொடர்ந்து போனார்கள். செய்தி கிடைத்ததும் நான் வைத்தியசாலைக்குப் போகாமல் உன்னைத் தேடிப் பொலிஸுக்குப் போனேன். அன்று அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதன் விளைவாகப் பிரசவ அறையின் வாசலில் அம்மா தனியே நின்றாள். உள்ளே யசோ தனியே கிடந்தாள். பிள்ளையின் தலை வந்துவிட்டது, தோள் வரவில்லை. உள்ளே இறுகிக்கொண்டது. தாதிமார் யசோவின் கால்களை மடித்து நெஞ்சோடு அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் அடிவயிற்றில் அமுக்க, வைத்தியர் பிள்ளையை வெளியே எடுத்தார். அவர்கள் அப்படிச் செய்திராவிட்டால் நமக்கு அபி இல்லை. அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பிள்ளையின் வலது கை பல மாதங்கள் அசையாமல் தொங்கியதையும், யசோவுக்குக் குருதி ஏற்ற வேண்டி வந்ததையும், தையல்கள் ஆறும்வரை அவள் நேராக உட்கார முடியாமல் ஒரு பக்கம் சரிந்தே பால் கொடுத்ததையும் நீ கண்டாய். கண்டாயே தவிர, அது ஏன் என்று நீ கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பின்னேரம் உன்னை விட்டார்கள். நீ அழுக்குச் சட்டையோடு ஓடி வந்து, இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள், அது போதும் என்றாய். நீ அன்று பட்டதற்கு முன்னால் தன்னுடையதை எடுத்து வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

இந்தப் பந்தியை எழுதியதும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். நேரில் காணாத ஒன்றை எழுதுபவன் கண்டவரிடம் ஒப்புப் பார்க்க வேண்டும். "சரியாத்தான் எழுதியிருக்கிறியள் மாமா. ஆனா நான் கத்தினதை விட்டிட்டியள்," என்றாள். சேர்க்கவா என்று கேட்டேன். "சேருங்கோ. அவர் மட்டுமில்லை, வேற ஆரும் வாசிச்சாலும் எனக்கொண்டுமில்லை. இந்த ஒழுங்கைக்குள்ளையே இப்பிடி நாலு வீடு இருக்கு," என்றாள். ஆகவே இதையும் அறிந்துகொள்: அவள் கத்தினாள். மூடிய கதவுக்கு வெளியே நின்ற அம்மாவுக்குக் கேட்டது. அம்மா அதை மூன்று வருடம் என்னிடம்கூடச் சொல்லவில்லை.

இம்முறை ஏழாம் மாதத்தில் கொட்டாஞ்சேனையில் பின்னேரம் நோயாளரைப் பார்க்கும் பிரசவ வைத்தியரிடம் அவளைக் கூட்டிச் சென்றோம். அவர் அந்தப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்த பெண்மணி. எதையும் சுற்றிச் சொல்லும் வழக்கம் இல்லாதவர். பழைய குறிப்புகளை வாசித்துவிட்டு, வயிற்றைத் தொடுவதற்கு முன்பே, "முதல் புள்ளைட கை இப்ப எப்பிடி?" என்றுதான் கேட்டார். "தலைக்கு மேல தூக்குவா டொக்டர். சட்டை போடேக்கை மட்டும் மற்றக் கையால பிடிச்சுத் தூக்குவா," என்றாள் யசோ. வைத்தியர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு, இந்தப் பிள்ளையும் பெரிதாகவே வளர்கிறது, முன்பு நடந்தது திரும்பவும் நடக்க இடமுண்டு என்றார். எவ்வளவு இடமுண்டு என்று நான் கேட்டேன். "சேர், நான் சாத்திரம் சொல்றதில்ல. நடக்கலாம், நடக்காமலும் போகலாம். நடந்தா அந்த நேரத்தில யாரிட்டயும் கேட்டு முடிவெடுக்க ஏலாது. இப்ப கேக்கலாம். அதுதான் வித்தியாசம்," என்றார். சத்திரசிகிச்சையைப் பற்றியும் அவர் இனிப்பாக எதுவும் சொல்லவில்லை. குருதிப் போக்கு, காயத்தில் கிருமி, காலில் குருதி கட்டுவது, அடுத்த பிள்ளை வேண்டுமானால் அப்போது வரக்கூடிய சிக்கல் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் அடுத்த கேள்விக்கு வாய் திறக்கையில் கையைக் காட்டி நிறுத்தி, யசோவைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க," என்றார். அவள் சொன்னது இதுதான்: "எனக்குத் தெரிஞ்ச ஒரு நாளில, பகல் வெளிச்சத்தில, நானே நடந்து போய்ப் படுக்க வேணும்."

அதற்குப் பிறகு அங்கே கதைக்க அதிகம் இருக்கவில்லை. முப்பத்தொன்பது வாரம் நிறைந்ததும் செய்யலாம், தனக்குப் புதன்கிழமைதான் சத்திரசிகிச்சை நாள் என்றார் வைத்தியர். நாள் குறிப்பதென்றால் பஞ்சாங்கம் பார்த்துக் குறிக்க வேண்டும் என்று வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்த அம்மா, "பொன் கிடைச்சாலும் புதன் கிடையாது எண்டெல்லே சொல்லுறவை," என்று அந்த இடத்திலேயே சமாதானம் ஆகிவிட்டாள். எனக்கும் ஆறுதல்தான். நான் வாழ்நாள் முழுவதும் காணி உறுதி எழுதிப் பிழைத்தவன். ஒரு திகதி கையில் கிடைத்தால் அதைச் சுற்றி மற்றவற்றை அடுக்க எனக்குத் தெரியும். முதல் நாள் காலையிலேயே, வீதிகள் திறந்திருக்கும்போது, அவளை வைத்தியசாலையில் சேர்ப்பது. சாவடிகளில் காட்டுவதற்கு வைத்தியரின் கடிதம். அவளுடைய குருதி வகையில் கொடுக்கக்கூடிய இரண்டு பேர், அவர்களும் அடையாள அட்டையில் சிக்கல் இல்லாதவர்களாக. அபியை யார் பார்ப்பது. வீடு திரும்பும்போது மாடிப்படி ஏறாமல் இருக்க கீழே முன்னறையில் கட்டிலைப் போட கீழ்வீட்டுக்காரரின் சம்மதம். இயற்கையாக வரும் நோவு இவை எதற்கும் இடம் தராது. அமைதியான ஊரில் அது பரவாயில்லை. இந்த ஊரில், வீதி எந்த மணியில் மூடும் என்று தெரியாத இந்த நாட்களில், நோவு வந்த நேரத்தில் புறப்படும் துணிவு எனக்கு இல்லை. இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

இங்கேதான் என் கணக்குப் பிழைத்தது. யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் கொழும்புக்கு வர அனுமதி கேட்டால், அது கேட்ட திகதிக்குக் கிடைப்பதில்லை என்பது உனக்கும் தெரியும். செத்தவீட்டுக்குக் கேட்டவருக்கு அந்திரட்டிக் கிரியை முடிந்த பின்பு பாஸ் வருகிறது. ஆகையால் இங்கே அனைவரும் ஒரு வழக்கத்துக்கு வந்திருக்கிறார்கள்: வேண்டிய திகதிக்குச் சில வாரம் முந்திய திகதியை எழுதுவது, தாமதம் தானாக வந்து அதைச் சரிசெய்யும் என்று நம்புவது. உன் மாமிக்காக விண்ணப்பம் எழுதுவித்தபோது நானும் அதையே செய்தேன். என்னைக் கேட்டவர்களுக்கெல்லாம் நானே சொல்லிக் கொடுத்த உபாயம் அது. இம்முறை, என்ன காரணமோ அறியேன், எழுதிய திகதிக்கே அனுமதி வந்துவிட்டது. கீழ்வீட்டுக்காரர் படியில் என்னை நிறுத்தி, "லோயர், கவண்மேந்து திருந்தீட்டுது, இனி நீங்கள்தான் திருந்த வேணும்," என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாஸ் வந்த பின் பயணத்தைப் பிந்த வைத்தால் திரும்பவும் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். மாமி கோண்டாவிலிலிருந்து புறப்பட்டுக் கப்பலேறி, திருகோணமலையில் இறங்கி, பஸ்ஸில் வந்து சேர்ந்தார். வரும் வியாழக்கிழமை அதே வழியால் திரும்பியாக வேண்டும். சத்திரசிகிச்சை அதற்குப் பதின்மூன்று நாள் கழித்து.

வந்த அன்று கால் கழுவி உட்கார்ந்ததும் அவர் விரல் விட்டு எண்ணினார். எண்ணி முடித்ததும், "அப்ப நான் போன பிறகுதானோ வெட்டப் போகினம்?" என்றார். "நான் கடல் முழுக்கச் சத்தி எடுத்துக்கொண்டு வந்தது உங்களுக்கு வாழைக்காய்க் கறி வைக்கவோ?" அம்மா, "கறியும் நல்லாத்தான் வைப்பியள், உப்புத்தான் கொஞ்சம் கூட," என்றாள். இருவரும் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். ஒரே மகள், முதற் பிரசவத்துக்குப் பாதை மூடியிருந்ததால் வர முடியவில்லை, வாத நோயில் படுத்திருக்கும் கணவரை அயலாரிடம் ஒப்படைத்துவிட்டு இம்முறை வந்திருக்கிறார். ஒரு மணித்தியாலத்துக்குள் இந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரே எண்ணம் தோன்றிவிட்டது. வைத்தியர்தானே திகதி குறித்தார், வைத்தியர்தானே மாற்றலாம். ஞாயிறு நீ கேட்டதும் அதையே. இந்த எண்ணம் முட்டாள்தனமானது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை என்பதை நீ நம்ப வேண்டும். பாஸுக்கும் ஊரடங்குக்கும் பொலிஸ் பதிவுக்கும் ஏற்பக் கல்யாணங்களை மாற்றினோம், செத்தவீடுகளை மாற்றினோம், பிள்ளைகளின் பரீட்சைகளை விட்டுக்கொடுத்தோம். எந்தத் திகதி அசையும், எந்தத் திகதி அசையாது என்ற உணர்வே நமக்குள் மழுங்கிவிட்டது. காகிதத்தில் முத்திரையோடு இருப்பது அசையாது. மற்றவை எல்லாம் அசையும் என்று பழகிவிட்டோம்.

நீ கதைத்த மறுநாள், திங்கட்கிழமை, நான் தனியாகக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். என் முறை வரும்வரை காத்திருந்து, எல்லாவற்றையும் ஒழுங்காக எடுத்துச் சொன்னேன். "எத்தன நாள் முந்திக் கேக்கிறீங்க?" என்றார் வைத்தியர். இரண்டு வாரம் என்றேன். "சேர், நீங்க உறுதி எழுதுறவர்தானே? இண்டைக்குக் கையெழுத்து வச்ச உறுதிக்கு ரெண்டு கிழமை முந்தின திகதி போடுவீங்களா?" மாட்டேன் என்றேன். "நானும் போட மாட்டன்." பிறகு குரலைத் தணித்து விளக்கினார். பிள்ளையின் நுரையீரல் கடைசியாக முதிர்வது இந்த வாரங்களில்தானாம். "ரெண்டு கிழமை முந்தி எடுத்தா ஒண்டும் ஆகாமலும் இருக்கலாம். இல்லாட்டி மூச்செடுக்கக் கஷ்டப்பட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள குழாயோட கிடக்கலாம். அம்மம்மா வெளிய நிண்டு கண்ணாடியால பாத்திட்டு வியாழக்கிழமை பஸ் ஏறுவாங்க. அதுக்கா கப்பல்ல வந்தாங்க? பாஸ் பெரியவங்களுக்கு, சேர். வயித்தில இருக்கிறதுக்கு இன்னும் குடுக்கல்ல." நோவு முன்கூட்டித் தொடங்கினாலோ, குருதி கண்டாலோ, நீர் உடைந்தாலோ அது வேறு, அப்போது திகதியைப் பாராமல் உடனே கொண்டுவர வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். நான் எழுந்தபோது, "இதக் கேக்கிறதுக்கு யசோதாவ ஏன் கூட்டிட்டு வரல்ல?" என்றார். அவளை அலைக்கழிக்க விரும்பவில்லை என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அது நம்பியதற்கான ஆட்டமா என்று என்னால் சொல்ல முடியாது.

வீட்டில் இதைச் சொன்னதும் மாமி ஒரே முடிவாக, "அப்ப நான் போகேல்லை. என்ன செய்வினம்? கட்டி ஏத்துவினமோ?" என்றார். நான் உட்கார்ந்து விளக்கினேன். அவருடைய பெயர் பொலிஸில் நம் வீட்டு விருந்தினராக வியாழன் வரைக்கும் பதியப்பட்டிருக்கிறது. அதற்கு மேல் நின்றால் வீடு சோதனைக்கு வரும் நாளில் பதில் சொல்ல வேண்டியவர் அவர் மட்டுமல்லர். அபி பிறந்த பின் நீ இந்த வீட்டிலிருந்தே கொண்டுபோகப்பட்டு இரண்டு வாரம் அடைபட்டிருந்தவன் என்பது அவர்களுக்குத் தெரியும். அடுத்த முறை பாஸ் மறுக்கப்படும். அங்கே படுத்திருப்பவரை எத்தனை நாள் அயலார் பார்ப்பார்கள். நான் சொன்னவை எல்லாம் சரி. "அண்ணை, நீங்கள் சட்டம் கதைக்கிறியள், நான் பிள்ளையைக் கதைக்கிறன்," என்றார் மாமி. "பிள்ளைக்குத்தானே சட்டமும்," என்று அம்மா இடையில் புகுந்தாள். குரல்கள் உயர்ந்தன. அப்போது யசோ, சாய்வுநாற்காலியில் காலை நீட்டி இருந்தவள், அவ்வளவாக உரத்தும் பேசாமல் சொன்னாள்: "எல்லாரும் என்ர வயித்தை நடுவில வைச்சுக் கதைக்கிறியள். ஒருத்தரும் என்னட்டக் கேக்கேல்லை."

நாங்கள் மூவரும் நிறுத்தினோம். வைத்தியர் கேட்டது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் தாயாரைப் பார்த்து, "அம்மா, நீங்கள் வியாழன் போங்கோ. இப்ப ஒழுங்காப் போனால்தான் திரும்பி விடுவினம். முப்பத்தொண்டுக்கு வாங்கோ. நான் எழும்பி நடக்கேக்கைதான் எனக்கு ஆள் வேணும்," என்றாள். பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுச் சடங்குக்கு வரச் சொன்னாள். "அதுக்குப் பாஸ் கிடைக்குமோ எண்டு ஆருக்குத் தெரியும்?" என்றார் மாமி. "மாமா இந்த முறை சரியான திகதியைப் போடுவார்." அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மாமி விடவில்லை: "நீ பிறக்கேக்கை என்ர அம்மா பக்கத்தில இருந்தவ." "உள்ளுக்கு விட்டவையோ?" "இல்லை, வெளியில விறாந்தையில." "அப்ப நீங்களும் வெளியிலதான் இருப்பியள் அம்மா. கோண்டாவிலில இருந்தாலும் வெளியிலதான்." மாமி எழுந்து போய் மகளின் காலடியில் உட்கார்ந்து வீங்கியிருந்த பாதங்களைத் தேய்க்கத் தொடங்கினார். நான் வெளியே பார்த்தேன்.

அன்றிலிருந்து வீடு முழுவதும் மிளகும் மல்லியும் வறுக்கும் மணம். பிள்ளைப்பேற்றுச் சரக்கை இடித்துப் போத்தல்களில் அடைத்து, எதை எந்த நாளில் கொடுப்பது என்று அம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். அம்மா தனக்கு இதெல்லாம் தெரியும், அபி பிறந்தபோதும் தானே சரக்கு இடித்தவள் என்கிறாள். நீங்கள் இடித்தது கொழும்புச் சரக்கு என்கிறார் மாமி. உள்ளிப்பூண்டு எவ்வளவு என்பதில் இரண்டு நாளாக வழக்கு நடக்கிறது. என்னை நீதிபதியாகக் கேட்டார்கள், மறுத்துவிட்டேன்.

ஆக, உன் இரண்டாவது கேள்விக்கு விடை: திகதி மாறாது. அதை மாற்றக் கூடாது என்று முடிவெடுத்தவள் உன் மனைவி. அதற்காகத் தாயார் அருகில் இல்லாமல் போவதையும் அவளே ஏற்றுக்கொண்டாள். முதற் கேள்விக்கு இன்னும் ஒரு பகுதி மிச்சம் இருக்கிறது. இந்தக் கடிதத்தை நான் எழுதத் தொடங்கியது அதற்காகத்தான்.

எதிர்ப்பக்கம் சொல்வதை உரத்துத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திக்கொள்வது என் வழக்கம். ஞாயிறும் அப்படியே, "ஒருக்கா நோர்மலாப் பாத்தால் என்ன எண்டு கேக்கிறாய்," என்று உன் வார்த்தையைத் திருப்பிச் சொன்னேன். யசோ பக்கத்தில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். பிறகு நீ அவளோடு கதைத்தபோது ஓம், இல்லை, சாப்பிட்டன் என்பதற்கு மேல் அவள் எதுவும் சொல்லவில்லை. உனக்கும் அது தெரிந்திருக்கும். நேற்று என்னிடம் கேட்டாள்: "மாமா, நான் நோவுக்குப் பயந்து வெட்டச் சொல்லுறன் எண்டோ அவர் நினைக்கிறார்?" அப்படி நினைக்க மாட்டான் என்றேன். "அது உங்கட பதில். அவற்ர பதில் இல்லை." கோயிலில் இரண்டு பெண்கள் இவள் காது கேட்க, இந்தக் காலத்துப் பெட்டையள் நோகாமல் பெறப் பார்க்கினம் என்று சொன்னார்களாம். அதை அவள் என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னாள். நீ கேட்டதைப் பற்றிச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. அவள் கத்திக்குப் பயப்படுகிறாள்; யார்தான் பயப்படமாட்டார்கள். ஆனால் அந்தப் பயத்தோடு மேசையில் போய்ப் படுக்க அவளால் முடியும். உன் பார்வையில் தான் நோவுக்கு ஒளிந்தவள் என்ற எண்ணத்தோடு அவள் போய்ப் படுப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

நோகாத வழி என்று நீயும் நினைத்திருந்தால், வைத்தியர் சொன்னதைக் கேள். முள்ளந்தண்டில் ஊசி போட்டு நெஞ்சுக்குக் கீழே மரக்கச் செய்வார்கள். அவள் விழித்தபடியே இருப்பாள், அதை அவளே கேட்டுப் பெற்றாள். நோவு இருக்காது, ஆனால் உள்ளே கை வைத்து இழுப்பது தெரியும். மரத்துப்போனது தெளிந்த பின்பு இருமினால் நோகும், சிரித்தால் நோகும், முதன்முதல் கட்டிலை விட்டு இறங்கும்போது உயிர் போகும். சில வாரங்களுக்குப் பிள்ளையைவிடப் பாரமான எதையும் தூக்கக் கூடாது. அபியோ தூக்கச் சொல்லி அழுவாள். முதல் முறை பட்டதும் நோவு, இதுவும் நோவு. வேறுபாடு, இம்முறை அவள் அதைத் தெரிந்து தெரிவுசெய்தாள். அவளிடம் உன் அபிப்பிராயத்தைச் சொல்ல உனக்கு உரிமை உண்டு. ஆனால் அதை நீ என்னிடம் சொன்னாய். நான் நடுவில் இருக்க விரும்பினேன் என்பதும் உண்மை. எல்லாம் என் ஊடாகப் போனால் பிழை வராது என்று எண்ணினேன்.

இதை வாசித்ததும் விமானச் சீட்டைப் பற்றி யோசிப்பாய். வராதே. உன் அகதி விண்ணப்பம் விசாரணைக்கு எடுக்கப்படுவதற்கு முன் நீ அந்த நாட்டை விட்டு வெளியேறினால் அது கைவிடப்பட்டதாகக் கருதப்படும். இங்கே இறங்கினால் முன்பு உன்னைப் பிடித்து வைத்திருந்த இரண்டு வாரம் எத்தனை மாதமாகும் என்று என்னால் கூற முடியாது. ஒரு தகப்பன் தன் மகனிடம் மனைவியின் பிரசவத்துக்கு வராதே என்று எழுதுவது எவ்வளவு கேவலம் என்பது எனக்குத் தெரியும். களைப்பாக இருக்கிறது, தம்பி. ஆனால் இதில் எனக்கு ஐயம் இல்லை. யசோவிடமும் கேட்டேன், இம்முறை கேட்டுவிட்டேன். "வர வேண்டாமெண்டு எழுதுங்கோ. அவர் வந்து பிடிபட்டால், வயித்தில தையலோட நான் பொலிஸுக்குப் பொலிஸ் ஏறி இறங்கேலாது," என்றாள். அதற்குப் பிறகு, வெகு நேரம் கழித்து, "கதைச்சால் காணும், அதுவே போதும்," என்றாள்.

அந்தக் கதை இந்த வீட்டில் எப்படி நடக்கிறது என்று யோசித்துப் பார். தொலைபேசி என் மேசையில் இருக்கிறது. மணி அடித்தால் நான் எடுக்கிறேன். "அப்பா, என்ன புதினம்?" என்று நீ தொடங்குகிறாய். எனக்குப் பின் அம்மா, அம்மாவுக்குப் பின் அபி, காசு முடியப் போகும் நேரத்தில் யசோ. அவளைச் சுற்றி நாங்கள் எல்லோரும் நிற்கிறோம். வாடிக்கையாளருடன் கதைக்கும்போது மற்றவர்களை அறைக்கு வெளியே அனுப்புகிறவன் நான். என் மருமகளுக்கு அதைச் செய்யத் தோன்றவில்லை.

மாமி வியாழன் போய்விடுவார். அதையடுத்து வரும் ஞாயிறு காலை நானும் அம்மாவும் அபியைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய், அங்கிருந்து கோயிலுக்குப் போய், மதியச் சாப்பாட்டுக்குத்தான் திரும்புவோம். அம்மாவிடம் காரணம் சொல்லவில்லை, தேவையும் இல்லை. வெளியே போகலாம் என்று நான் கேட்டதே அவளுக்குப் போதிய அதிசயம். வீட்டில் யசோ மட்டும் இருப்பாள். அந்த நேரத்தில் எடு. அபி பிறந்த அன்று உள்ளே என்ன நடந்தது என்று அவளிடம் கேள்; நான் எழுதியதை வாசித்துவிட்டாய் என்பதற்காகக் கேட்காமல் விடாதே. அவள் நிறுத்தினால் நீ நிரப்பாதே. ஞாயிறு நீ கேட்ட கேள்வியை இன்னும் கேட்க வேண்டும் என்று தோன்றினால் அவளிடமே கேள், அவள் தரும் பதிலை முழுதாகக் கேள். நீங்கள் இருவரும் என்ன கதைத்தீர்கள் என்று நான் விசாரிக்க மாட்டேன். எனக்கு எதையும் அறிவிக்க வேண்டியதில்லை.

அன்புடன்,
அப்பா